சோபாவுக்கு ஒரு புதுச் சட்டை!

சீனியர்கள் விட்டுட்டுப் போன சோபா உங்க ரூம்ல கிடக்கா? கவர் கிழிஞ்சு ஸ்பாஞ்ச் எட்டிப் பார்க்குதா? தூக்கிப் போடாதீங்க பாஸ்! ஸ்பாஞ்சை ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்க. கையை எடுத்ததும் பழையபடி எழும்பினா, போனது துணி மட்டும்தான்.

கரூர் பக்கம் நெய்யுற கெட்டி காட்டன் போதும். வாங்கிட்டு வந்த ஜோர்ல கத்திரியைத் தூக்காதீங்க. முதல்ல நனைச்சு, காய வெச்சு, அயர்ன் பண்ணுங்க. காட்டன் முதல் சலவையில சுருங்கும். தைச்ச பிறகு சுருங்கினா ஸ்பாஞ்ச் உள்ளே நுழையவே நுழையாது. பாக்கெட் மணி மொத்தமும் அவுட்!

ஸ்பாஞ்ச் 22-க்கு 22 அங்குலம், உயரம் 4-ன்னு வெச்சுக்குங்க. சுத்திலும் தையலுக்கு அரை அங்குலம் விட்டு, மேலுக்கும் அடிக்கும் 23-க்கு 23-ல ரெண்டு துண்டு. பக்கவாட்டுப் பட்டையோட அகலம் 5. ஜிப் பின்பக்கப் பட்டையில வந்தாதான் கண்ணுல படாது. அந்தப் பட்டையை மட்டும் 6 அங்குல அகலத்துல எடுத்து, நீளவாக்குல ரெண்டா வெட்டி, நடுவுல ஜிப்பைத் தையுங்க. முக்கியமா, ஜிப்பை 22-லயே நிறுத்தாம ரெண்டு மூலையையும் தாண்டி மும்மூணு அங்குலம் நீட்டுங்க. சின்ன வாய் வழியா ஸ்பாஞ்சைத் திணிக்கிறதுக்கு, காலேஜ் டைம் டவுன் பஸ்ல ஏறுறதே ஈஸி!

மெஷினுக்குப் பக்கத்து வீட்டு அக்காவை ஐஸ் வையுங்க. கெட்டித் துணிக்கு 16-ம் நம்பர் ஊசி. கடைசித் தையலுக்கு முன்னாடி ஜிப்பைப் பாதி திறந்து வெச்சுடுங்க. மூடியே தைச்சுட்டா, கவரை வெளிப்பக்கம் திருப்ப வழியே இருக்காது!