பனிக்கடல் பூதமும் நம் கடற்பசுவும்

தென்துருவப் பனிக்கடலில் இரவு நேரங்களில் ஒரு வெண்ணிறப் பேருருவம் எழும்புகிறதாம். மனித முகமும் கைகளும் அதற்கு உண்டாம். ஜப்பானியர் அதை 'நிங்கென்', அதாவது 'மனிதன்' என்று அழைக்கின்றனர். இக்கதை கைப்பேசி வழியே மதுரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதன் எலும்பு ஒன்றையேனும் கண்டவர் உண்டா? இல்லை.

கற்பனையை நாங்கள் பழிக்கவில்லை. 'திமிங்கிலம்' என்ற சொல்லே, 'திமி' என்னும் பெருமீனையும் விழுங்கவல்லது என்ற கற்பனையில் பிறந்த வடசொல்தான். ஆயினும், பொய்ப் பூதத்தை வியக்கும் கண்கள் மெய்யான உயிரைக் காணத் தவறலாமா?

வடக்கே பேரிங் கடலின் குளிர்நீரில் அத்தகைய பேருயிர் ஒன்று உண்மையிலேயே வாழ்ந்தது. 1741இல் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கியவர்களுள் ஸ்டெல்லர் என்ற இயற்கை அறிஞரும் இருந்தார். அவர் அங்கே கண்டது, ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள கடற்பசு. பல்லில்லாத சாதுவான பிராணி. கடற்பாசியே அதன் உணவு. இறைச்சிக்காக அதை வேட்டையாடினர். 1768க்குப் பின் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கண்டுபிடித்து 27 ஆண்டுகளில் கதை முடிந்தது!

அதன் உறவினம் இன்றும் நம் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழ்கிறது. 'ஆவுளியா' என மீனவர் அழைக்கும் கடற்பசு அதுவே. சுமார் 3 மீட்டர் நீளம், கடற்புல்லை மேயும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்று ஈனும். மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வரவேண்டிய பிராணியாதலால், வலையில் சிக்கினால் மூழ்கி மடிகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதைக் காக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசு காப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு கடலில் விட்ட மீனவர்களும் உண்டு. வலையை அறுத்தால் நட்டம் அவர்களுக்கே. அவர்களன்றோ உண்மையான வீரர்கள்!

"கடலில்லாத மதுரைக்கு இதனால் என்ன?" எனச் சிலர் கேட்கலாம். நம் வைகை எங்கே போகிறது? இராமநாதபுரம் கடந்து பாக் விரிகுடாவில்தான் கலக்கிறது. வெள்ளக் காலத்தில், நாம் ஆற்றில் எறியும் பிளாஸ்டிக் பையும் அவ்வழியே கடலை நோக்கிப் பயணம் செய்கிறது. கடற்புல் அழிந்தால் ஆவுளியாவுக்கு மேய்ச்சல் ஏது?

ஆகவே, வைகையைக் குப்பைத் தொட்டியாக்கும் பழக்கத்தை முதலில் விடுவோம். இராமேசுவரம் சுற்றுலா செல்லும்போது பாம்பன் பாலத்தை மட்டும் பார்த்துத் திரும்பாமல், அதன் கீழுள்ள கடலில் வாழும் உயிர்களைப் பற்றியும் கேட்டறிவோம். வீட்டில் தம்பி தங்கையர் பூதக் கதை கேட்டால் சொல்லுவோம்; கூடவே ஆவுளியாவின் கதையையும் சொல்லுவோம். நிங்கெனை யாரும் அழிக்க முடியாது, அது இல்லாதது. ஆவுளியாவோ இருக்கிறது. அதை இழந்தால், நமக்குப் பின் வருவோர்க்கு அதுவும் கட்டுக்கதையாகிவிடும்.