மறுப்பது பாதுகாப்பு ஆகாது

‘அடுக்ககத்தில் மின்சாரக் காரை சார்ஜ் செய்ய விட்டால் லோடு தாங்காது, தீப்பிடிக்கும், அனுமதி கூடாது’ என்று தீர்மானம் போடுகிறார்கள் குடியிருப்போர் சங்க நிர்வாகிகள் சிலர். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

15 ஆம்ப் பிளக்கில் செருகும் சாதாரண சார்ஜர் இழுப்பது சுமார் 3 கிலோவாட். குளியலறை கீசரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இழுக்கிறது. கீசர் மாட்ட யாரும் சங்கத்தின் அனுமதி கேட்பதில்லை. தினம் 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 6, 7 யூனிட் போதும். இரவு பத்து மணிக்கு மேல் இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும்.

கார் தொடர்ந்து மணிக்கணக்கில் இழுக்கும் என்பது உண்மை. அதனால்தான் அவரவர் மீட்டரிலிருந்து தனி ஒயர், முறையான எர்த், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி தேவை. அனுமதி மறுத்தால் என்ன நடக்கும்? முதல் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கும்; அதன் பிளக் சூட்டில் உருகும். நீங்கள் அஞ்சும் தீ அங்கிருந்துதான் வரும்.

நுகர்வோர் கேட்டால் கார் சார்ஜிங்குக்குத் தனி மின் இணைப்பு தர வேண்டும் என்று 2024-இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளே சொல்கின்றன. சங்க நிர்வாகிகளே, தடைத் தீர்மானத்தைக் கைவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.