சிக்னல் போவது ஏன்? கையும் ஒரு காரணம்!

முக்கியமான பேச்சு. நடுவில் குரல் அறுந்துவிடுகிறது. "டவர் சரியில்லை" என்று சலித்துக்கொள்கிறார்கள். ஆனால், பல சமயம் குற்றம் டவர் மேல் இல்லை. போனைப் பிடித்திருக்கும் கைதான் காரணம்!

2010-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி "ஐபோன் 4" போனை வெளியிட்டது. அதன் ஏரியல் வெளி விளிம்பில் இருந்தது. இடது கீழ்ப்பக்கத்தில் கை பட்டால் சிக்னல் குறைந்தது. எங்கும் ஒரே கூச்சல். ஜூலை மாதம் கம்பெனித் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் நிருபர்களைக் கூட்டி, விளிம்பு உறை இலவசம் என்று அறிவித்தார்.

சுருதி கெடுகிறது

ஏரியலுக்கும் சுருதி உண்டு. மீட்டிய தம்பூராத் தந்தியில் விரல் பட்டால் நாதம் கெடுகிறது அல்லவா? அதுபோல, கை நெருங்கினால் ஏரியலின் சுருதி விலகுகிறது. போன் அதிகச் சக்தியைச் செலவிட்டுக் கத்துகிறது. பாட்டரி சீக்கிரம் தீர்கிறது.

பழைய ரேடியோவில் குமிழைத் திருகினால், உள்ளே தகடுகள் சுழன்று ஸ்டேஷன் கிடைக்கும். செல்போனில் தகடு சுழல இடம் ஏது?

திருகாத குமிழ்

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி, பேரியமும் ஸ்ட்ரான்சியமும் கலந்த ஒருவகைப் பீங்கான். இரு உலோகப் பூச்சுகளுக்கு நடுவே, தலைமயிரை விடப் பல மடங்கு மெல்லிய ஏடாக அதைப் படியவைக்கிறார்கள். வோல்டேஜை மாற்றினால், ஏடு மின்சாரத்தைத் தாங்கிவைக்கும் அளவு மாறுகிறது. விலகிய சுருதி மீண்டும் சேர்கிறது. எதுவும் அசைவதில்லை. ஏடு மெல்லியது என்பதால் சுமார் 20 வோல்ட் போதும். கனமான கட்டியாக இருந்தால் நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும்.

குறையும் உண்டு. ஏடு சிக்னலில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடுகிறது. உஷ்ணம் மாறினால் அதன் குணமும் மாறுகிறது. சிலிக்கான் சுவிட்சுகளும் இதே வேலைக்குப் போட்டியிடுகின்றன.

இந்த ஏட்டில் முன்னணியில் நின்ற பாராடெக் கம்பெனியை, பிளாக்பெர்ரி போன் செய்தவர்கள் 2012-ல் வாங்கினார்கள். 2016-ல் பிளாக்பெர்ரி, சொந்தமாகப் போன் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் ஏடு அதோடு போகவில்லை. எஸ்.டி. மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் போன்ற கம்பெனிகளும் அத்தகைய பாகங்களைக் கடைக்குக் கொண்டுவந்தன.

போன் வாங்குகிறவர் காமிராவைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார். டவருக்கு வெகுதூரத்தில், நள்ளிரவில், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யும்போது காமிரா உதவாது. கையில் பிடித்தாலும் சுருதி கெடாத ஏரியல்தான் உதவும்.