எத்தனை ஃபேடர் வேண்டும், தம்பி?

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் செய்கிற இளைஞர்களுக்கு வரும் வியாதி ஒன்று உண்டு. முதலில் கம்ப்யூட்டர் வாங்குவார்கள். அப்புறம் மைக், ஹெட்ஃபோன். ஒருநாள் யூட்யூபில் ஒரு வெள்ளைக்காரர் எட்டு ஃபேடர்களை விரலால் ஏற்றி இறக்குவதையும், கையை எடுத்ததும் அவை பேய் பிடித்தாற்போல் தானாகவே நகர்வதையும் பார்த்துவிடுவார்கள். அன்றோடு சரி. சோறு இறங்காது. மௌஸைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் கன்ட்ரோல் சர்ஃபேஸ்.

பனமரத்துப்பட்டியில் இருக்கும் என் பெரியப்பா மகனுக்கும் இந்த வியாதி கண்டது. சேலத்தில் ஒரு ஆபீசில் கணக்கெழுதுகிறான். பெரியப்பாவுக்கு அரளித் தோட்டம். இளவட்டமாக இருந்தபோது தெருக்கூத்தில் வேஷம் கட்டிப் பாடியவர். இப்போது வயது 74. பாட்டெல்லாம் மனப்பாடம்; மூச்சுதான் முன்போல நிற்பதில்லை. அவர் பாட்டை மாடி அறையில் பதிந்து வைக்கிறான் பையன். நல்ல காரியம்.

"எட்டு ஃபேடர் வெச்சதா வாங்கலாம்னு இருக்கேண்ணா. ரெண்டு மாச சம்பளம் ஆகும். இ.எம்.ஐ. போட்டுக்கலாம்" என்றான்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் நான் பி.காம். இ.எம்.ஐ. என்ற சொல் காதில் விழுந்தால் தூக்கத்திலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

"ஒரு பாட்டுக்கு எத்தனை ட்ராக்?"

"அப்பா குரல், ஹார்மோனியம், மிருதங்கம், தாளம். நாலு."

"அதுல எத்தனையை ஏத்தி இறக்கிக்கிட்டே இருப்பே?"

யோசித்தான். "குரலை மட்டுந்தாண்ணா. ஆவேசம் வந்துட்டா மைக்கே அதிரும். அடுத்த அடியில தலையைத் திருப்பிக்குவாரு, ஒண்ணும் கேக்காது."

"அப்ப மீதி ஏழு ஃபேடர்?"

"பாக்க அழகா இருக்கும்ணா!"

அழகுக்கு நான் விரோதி இல்லை. ஆனால் அழகுக்கு வட்டி கட்டுவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் விஷயம்: இது மிக்ஸர் இல்லை. பார்க்க அப்படி இருக்குமே தவிர, வெறும் கன்ட்ரோல் சர்ஃபேஸ் வழியே ஒரு சொட்டு சத்தம்கூட ஓடாது. டி.வி. ரிமோட் மாதிரிதான். நீங்கள் ஃபேடரைத் தள்ளினால் அது கம்ப்யூட்டருக்கு எண்களை அனுப்பும். அவ்வளவே. ஆகவே, 'இதை வாங்கினால் சவுண்ட் நன்றாக வரும்' என்று கடைக்காரர் சொன்னால், அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பி விடுங்கள்.

இரண்டாவது: மோட்டார் உண்டா, இல்லையா? கோர்க் நானோகன்ட்ரோல்-2 போன்றவற்றில் எட்டு ஃபேடர் இருக்கும், மோட்டார் இருக்காது. விலை குறைவு, யு.எஸ்.பி. ஒயர் ஒன்றே போதும். ஆனால் நேற்றைய பாட்டை மூடிவிட்டு இன்றைய பாட்டைத் திறந்தால், திரையில் ஃபேடர் ஓரிடத்தில் நிற்கும், கையில் இருப்பது வேறிடத்தில் நிற்கும். மாமியார் மருமகள் மாதிரி. தொட்டதும் சத்தம் திடீரென்று எகிறும். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே இடத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மோட்டார் வைத்ததில் இந்தச் சண்டை இல்லை. திரையில் நகர்ந்தால் கையிலும் நகரும். விரல் தொட்டதையும் எடுத்ததையும் அதுவே உணரும். பாட்டை ஓடவிட்டு, பெரியப்பா தலையைத் திருப்புகிற இடத்தில் ஏற்றி, ஆவேசத்தில் இறக்கினால், அது அப்படியே மனதில் வைத்துக்கொண்டு அடுத்த முறை தானே செய்யும். ஆட்டோமேஷன் என்கிறார்கள். ஒரு குரலுக்கு இது செய்யும் உபகாரம் பெரிது. அதற்கு ஒரே ஒரு மோட்டார் ஃபேடர் போதும். பிரீசோனஸ் ஃபேடர்போர்ட், பெரிங்கர் எக்ஸ்-டச் ஒன் இரண்டும் அந்த ஜாதி. ட்ராக்கை மாற்ற ஒரு பட்டன். ஃபேடர் ஓடிப்போய் அந்த ட்ராக்கின் இடத்தில் நிற்கும்.

மூன்றாவது: பாஷை. மேக்கி கன்ட்ரோல் என்பது இந்தப் பெட்டிகள் பலவற்றுக்குப் பொதுவான பாஷை. க்யூபேஸ், லாஜிக், ரீப்பர் எல்லாவற்றுக்கும் அது புரியும். ப்ரோ டூல்ஸுக்கு ஹெச்.யூ.ஐ. என்கிற பழைய பாஷை. உங்கள் சாஃப்ட்வேரின் செட்டிங்ஸில் பெட்டியின் பாஷை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.

நான்காவதை யாரும் சொல்ல மாட்டார்கள். மோட்டார் ஃபேடர் நகரும்போது 'டர்ர்' என்று ஒரு சத்தம் வரும். பெரிய ஸ்டூடியோவில் பாடகர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். நம் மாடி அறையில் மைக்கும் பெட்டியும் பாயும் தலையணையும் ஒரே பக்கம்!

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பையன் மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்த விலைப்பட்டியலைக் காட்டினான். பதினான்கு மாடல், நட்சத்திரக் குறி, சிவப்பு மை. எங்கள் குடும்பத்துக் கணக்குப்பிள்ளை ரத்தம்.

"இந்த மூணு மாசத்துல எத்தனை பாட்டு பதிஞ்சே?"

"அது வந்துண்ணா... பெட்டி வந்ததும் ஒரேயடியா..."

திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்தார். "ஏந்தம்பி, அந்தப் பொட்டி வந்தாத்தான் நான் பாடோணுமா?"

வேண்டியதில்லை என்பதுதான் விஷயம். பதிகிற நேரத்தில் சத்த அளவைத் தீர்மானிப்பது மைக் சொருகியிருக்கும் இன்டர்ஃபேஸில் உள்ள கெயின் குமிழ். சாஃப்ட்வேரின் ஃபேடர் பதிந்த பிறகு வருகிற சமாசாரம். அதை ஏற்றினாலும் இறக்கினாலும் பதிவு மாறாது. சிவப்பு விளக்கு எரியாதபடி கெயினைக் கொஞ்சம் தாராளமாகக் குறைத்து வைத்துப் பதிந்துகொண்டால், மிக்ஸிங்கை அடுத்த பொங்கலுக்குக்கூடச் செய்யலாம்.

1935-ல் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். சேலத்திலேயே படம் பிடித்து, பாட்டும் பதிந்த காலம் அது. அன்றைக்குப் பாடுகிறவர் ஸ்டூடியோவைத் தேடிப் போக வேண்டும். 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டுக் கொல்லையிலேயே ஸ்டூடியோ கட்டினார். 'ரோஜா' வந்தது 1992-ல். இன்றைக்கு ஸ்டூடியோ நம் மாடிப்படி ஏறி வந்து காத்திருக்கிறது. பாடுகிறவரும் கீழே திண்ணையிலேயே இருக்கிறார். நடுவில் நிற்பது பதினான்கு மாடல் விலைப்பட்டியல்!

காமர்ஸில் தேய்மானம் என்று ஒரு பாடம். மெஷினுக்கு வருஷா வருஷம் இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வருவோம். தேய்ந்ததும் புதுசு வாங்குவோம். குரலுக்கும் தேய்மானம் உண்டு. புதுசு வாங்குகிற கடைதான் சேலத்தில் இல்லை.

முடிவு: ஒற்றை ஃபேடர், அதுவும் தீபாவளிக்கு அப்புறம். இப்போதைக்கு நல்ல மைக் ஸ்டாண்ட் ஒன்று, எதிரொலியைக் குறைக்கச் சுவரோரம் தொங்கவிட நான்கு தடித்த கம்பளி. ஞாயிறுதோறும் இரண்டு பாட்டு.

பெரியப்பாவிடம் நிபந்தனை ஏதும் உண்டா என்று கேட்டோம். ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:

"கம்பளி மாட்டுற அறையில ஃபேனை நிறுத்தாதீங்க."

ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும் என்பதை அவரிடம் யார் சொல்வது என்றுதான் இப்போது குடும்பமே யோசித்துக்கொண்டிருக்கிறது.