ஆறு வயதுக்காரியின் ஒரு நாள்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

பெங்களூரிலிருந்து பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். ஆறு வயது. போன மாதம்தான் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டார்கள். நேற்று அவளை நாள் முழுக்க வெளியில் விளையாட விட்டுவிட்டேன்.

காலை ஐந்தரைக்கு கடற்கரைச் சாலை. மாலை 6 முதல் காலை 7.30 வரை அங்கே வண்டி கிடையாது என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நடுரோட்டில் நின்றுகொண்டு என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"தாத்தா, கார் வராதா?"

"ஏழரை வரைக்கும் வராதும்மா."

அவ்வளவுதான். கையை உதறிவிட்டு ஓடினாள். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலைப் பக்கம் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் ஓடினாள். பாறை இடுக்கில் ஒரு நண்டைக் கண்டுபிடித்து அரை மணி நேரம் அதோடு பேசினாள். அது பதில் சொல்லியதாகவும் கேள்வி.

பத்து மணிக்கு மேல் வெயிலில் விடவில்லை. நான் வாத்தியார்தான், மடையன் இல்லை. வேப்பமர நிழலில் மண்ணைக் குழைத்து இட்லி சுட்டாள். நானும் நாலு சாப்பிட்டேன். கடல்காற்று வீசத் தொடங்கியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்தார்கள். தெருவில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். விளையாட்டின் பெயர் பாண்டி என்றதும், "இந்த ஊர்லதான் கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வரலாற்று ஆசிரியர்கள் மன்னிக்க.

அங்கேதான் எனக்கு வருத்தம் ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் பதினோரு முறை வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். எண்ணினேன்; வருகைப்பதிவு எடுத்த பழக்கம். மீதி இடமெல்லாம் நிறுத்திவைத்த வண்டிகள். பிள்ளைகள் போனை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள் என்று குறை சொல்கிறோமே, நகர்ந்து எங்கே போவார்கள்?

தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கச் செய்யும் திட்டம் நடக்கிறது. அதுவரை ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைபாடு பின்னர் இறங்கத் தொடங்கியது. போட்ட கண்ணாடியை இது கழற்றாது. இன்னும் போடாத பிள்ளைக்குத் தள்ளிப்போகும். விளையாட்டு குழந்தையின் உரிமை என்று ஐ.நா. 1989-லேயே எழுதிவைத்தது. 1908 முதல் 1918 வரை நம் ஊரில் வாழ்ந்த பாரதி, பாப்பா பாட்டில் மாலைப்பொழுது முழுவதையும் விளையாட்டுக்கே கொடுத்தார். ட்யூஷனுக்கு இடம் வைக்கவில்லை.

நான் வைத்தேன். முப்பது வருடம் மே மாதத்தில் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தவன் நான். ஒருமுறை ஒரு பையன் ஜன்னல் வழியாகப் பட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அவன் இதைப் படிக்கக்கூடும். தம்பி, அன்று நான் செய்தது தப்பு.

கடற்கரைச் சாலையைத் தினமும் பதின்மூன்றரை மணி நேரம் மூட முடிகிற ஊரில், குடியிருப்புத் தெரு ஒன்றை ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் மூட முடியாதா? வண்டியை எங்கே நிறுத்துவது என்பீர்கள். அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பாதுகாப்பு என்றால், பெரியவர்கள் சீரியலை விட்டு வாசலில் வந்து உட்கார வேண்டியதுதான்.

நேற்று இரவு எட்டு மணிக்கே தூங்கிவிட்டாள். படுக்கையெல்லாம் மண். ஆன்லைன் அபாகஸ் வகுப்பு என்னாச்சு என்று மகன் போனில் கேட்டான். நண்டு கால்களை எண்ணினாள் என்றேன்.

தெருக்காரர்களிடம் பேசிவிட்டேன். பெரும்பாலோர் சரி என்றார்கள், இரண்டு வீட்டில் முகம் கொடுக்கவில்லை. வரும் ஞாயிறு நாலு மணிக்குத் தெருமுனையில் நாற்காலி போட்டு நானே உட்காரப் போகிறேன். திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்கிறேன். சாக்பீஸ் என்னிடம் இருக்கிறது. பிள்ளைகளை மட்டும் அனுப்புங்கள்.