காளைக்கு லாடம், வண்டிக்கு அடித்தகடு

கல்லும் சரளையும் நிறைந்த பாதையில் காளைகளை ஓட்டிச் செல்ல நேரும் குடியானவர் முதலில் அவற்றின் குளம்புகளைப் பார்ப்பார். லாடம் தேய்ந்திருந்தால் வண்டி பூட்டமாட்டார். லாடக்காரருக்குக் கொடுக்கும் கூலியை வீண் செலவென்று எவரும் சொல்வதில்லை. குளம்பு நொந்த காளை ஒரு வாரம் கட்டுத்தறியில் நின்றால் வேலை யாவும் நின்றுபோகும் என்பதை அனைவரும் அறிவர். அநேக கிராமங்களில் இப்பொழுது அந்தக் காளைகளின் இடத்தில் பல லட்ச ரூபாய் விலையுள்ள பிக்கப் வண்டி நிற்கிறது. பெரும்பாலும் அது கடனில் வாங்கியது. மாதந்தோறும் தவணை கட்டவேண்டியது. ஆயினும் அதனை அதே கரட்டுப் பாதையில் ஓட்டுவோருள், அதன் அடிவயிற்றைக் குனிந்து பார்த்தவர் மிகச் சிலரே.

இஞ்சினின் அடியில் எண்ணெய்த் தொட்டி அமைந்திருக்கிறது. பட்டறைகளில் இதனை ஆயில் சம்ப் என்பர். இது பெரும்பாலும் மெல்லிய இரும்புத் தகட்டினாலோ, வார்ப்பு அலுமினியத்தினாலோ செய்யப்பட்டது. கல் மோதினால் தகட்டுத் தொட்டி நசுங்கும்; வார்ப்புத் தொட்டி விரிசல் காணும். நசுங்குதலும் அற்பக் குறையன்று. எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய் தொட்டியின் அடிமட்டத்திற்கு மிக அருகில் இருப்பதால், அடிப்பாகம் மேலெழும்பினால் அவ்வாய் அடைபட்டு எண்ணெய் ஏறாமற்போகும். விரிசல் கண்டாலோ எண்ணெய் வழியெங்கும் ஒழுகிவிடும். எவ்வாறாயினும் முடிவு ஒன்றே. எண்ணெயின்றி இஞ்சின் சில நிமிஷங்கள் ஓடினாலும் பேரிங்குகள் சூடேறி உருகி இறுகிப்போகும். தொட்டியை மாற்றும் செலவைத் தாங்கிக்கொள்ளலாம். இறுகிய இஞ்சினைச் சீர்செய்யும் செலவு ஒரு போகத்து வருமானத்தையே விழுங்கக்கூடும்.

கொல்லிமலையின் நிலைமையை உதாரணமாகக் கொள்ளலாம். காரவள்ளியிலிருந்து மலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஆனால் அது தார் போட்ட பாதை; வண்டியின் அடிவயிற்றுக்கு அதனால் கேடில்லை. கேடு விளைவது தோட்டத்திற்கும் தார்ப்பாதைக்கும் இடையிலுள்ள குறுகிய தொலைவில்தான். மரவள்ளிக் கிழங்கை ஏற்றிய வண்டி, மழைநீர் அறுத்த பள்ளங்களையும் துருத்திய பாறைகளையும் கடந்தே தார்ப்பாதையை அடையவேண்டும். சுமையினால் வில்பட்டைகள் தாழ்ந்திருக்கும். வெறும் வண்டியாக மேலேறியபொழுது தட்டாத கல், பாரத்துடன் இறங்கும்பொழுது தட்டும். பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாட்களிலேயே உட்புறம் கறுக்கத் தொடங்கும் பண்டம். ஜவ்வரிசி ஆலைகளில் அதன் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்து விலை கூறுகின்றனர். ஆகவே நடுவழியில் எண்ணெய் ஒழுகி நின்ற வண்டி, இஞ்சினை மாத்திரமன்றிக் கிழங்கின் விலையையும் உடன் கொண்டுபோகிறது.

சமவெளியிலும் இத்தகைய தொல்லை இல்லாமலில்லை. ஏரிக்கரைப் பாதைகளில் வெட்டிவிட்ட சீமைக்கருவேலின் அடிக்கட்டைகள் புல்லுக்குள் மறைந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வண்டித்தடத்தின் இருபுறமும் பள்ளமாகி, நடுமேடு உயர்ந்துவிடும். சக்கரங்கள் பள்ளத்தில் செல்லும்பொழுது அந்த நடுமேடு எண்ணெய்த் தொட்டியை உரசுகிறது.

இவ்வளவு தெரிந்தும் பணம் எங்கே செலவாகிறது என்பதைக் கவனித்தால் வியப்பு உண்டாகும். வண்டி வாங்கிய மாதத்திலேயே முகப்பில் பளபளக்கும் முட்டுக்கம்பியும், கூரையில் விளக்கு வரிசையும் ஏறிவிடுகின்றன. மோதலின்போது பாதசாரிகளுக்கு மிகுந்த கேடு விளைவிப்பவை இந்த முட்டுக்கம்பிகள். அனுமதியின்றி இவற்றைப் பூட்டுவது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு மாறானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. பிறர் கண்ணுக்குத் தெரியும் இடத்திற்கு ஆபத்தான அலங்காரம்; தெரியாத இடத்திற்கு அவசியமான காப்பும் இல்லை. இது நல்ல குடித்தனத்திற்கு அழகன்று.

வண்டியுடன் ஏற்கனவே ஒரு மூடி வந்திருக்கிறதே என்று சிலர் சொல்வதுண்டு. பல வண்டிகளில் காணப்படும் அந்தப் பிளாஸ்டிக் மூடி சேற்றையும் நீரையும் தடுப்பதற்கானது; கல்லைத் தடுக்காது. தகடு வண்டிக்குப் பாரமாகும் என்பது மற்றோர் ஆட்சேபணை. 75 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புத் தகடு ஏறக்குறைய 10½ கிலோ எடையிருக்கும். அதே அளவில் 5 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு 6 கிலோவுக்குச் சற்று மேற்படும். ஒரு டன்னுக்கு மேல் சுமக்கும் வண்டிக்கு இது ஒரு பொருட்டன்று. அலுமினியம் எடையில் குறைந்ததெனினும் பாறையில் உரசும்பொழுது பற்றிக்கொள்ளும் இயல்புடையது. இரும்போ வழுக்கிச் செல்லும். உப்புக்காற்று வீசும் கடலோரத்திலும், உரமூட்டை ஏற்றும் வண்டியிலும், இரும்புப் போல்ட்டு சேரும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். ஆகவே பெரும்பாலான குடியானவர்களுக்கு ரெட் ஆக்சைடு பூசிய இரும்புத் தகடே சிலாக்கியமானது.

ஆனால் தவறாக அடித்த லாடம் காளையை நொண்டியாக்குவது போலவே, தவறாகப் பூட்டிய தகடும் வண்டியைக் கெடுக்கும். தகட்டை வண்டியின் சட்டத்தில் முன்பே உள்ள துளைகளில் போல்ட்டு வைத்து முடுக்கவேண்டும். இஞ்சினிலோ கியர் பெட்டியிலோ பூட்டினால், கல்லின் அடி நேரே அவற்றைச் சென்று தாக்கும். சட்டத்தில் பற்றவைத்தல் கூடவே கூடாது. அவ்வெப்பம் சட்டத்தின் பலத்தைக் குறைப்பதுடன், மின்சாரம் வண்டியின் மின்னணுப் பெட்டியையும் பழுதாக்கக்கூடும். இஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அசைவதாலும், அடிபட்ட தகடு சற்று மேல்நோக்கி வளைவதாலும், தொட்டிக்கும் தகட்டிற்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி விடவேண்டும். தகட்டின் முன்விளிம்பு படகின் முகப்பைப் போல் மேல்நோக்கி வளைந்திருத்தல் வேண்டும். நேராக இருந்தால் கலப்பைக் கொழுவைப் போல் மண்ணில் குத்தும். எண்ணெய் வடிக்கும் திருகுக்கு நேராக ஒரு துளையும், காற்றோட்டத்திற்கும் நீர் வடிவதற்கும் வேறு துளைகளும் அவசியம். முதல் வாரம் ஓடிய பின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுமுறை முடுக்கவேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் அடியில் நுழைதல் உயிருக்கே ஆபத்து. உறுதியான தாங்குகட்டைகளின் மேல் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைகொடுத்த பின்னரே எவரும் அடியில் படுக்கவேண்டும்.

வேளாண் தொழிலுக்கே உரிய ஒரு ஜாக்கிரதை இங்கே குறிப்பிடத்தக்கது. தகட்டின் மேல் வைக்கோலும் சருகும் எளிதில் சேரும். கொள்ளும் கேழ்வரகும் பரப்பிய சாலையில் செல்லும் வண்டிகளின் அடியில் தாள் சுற்றிக்கொள்வதைப் பலரும் கண்டிருப்பர். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளின்படி செய்யப்பட்ட டீசல் வண்டிகளில், புகைக்குழாயிலுள்ள கரி வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்பொழுது 600 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடேறும். ஆகையால் தகடு புகைக்குழாயை மூடலாகாது. அறுவடைக் காலத்தில் நாள்தோறும் ஒருமுறை வண்டி ஆறிய பின் அடியில் சேர்ந்த தாளை நீக்கவேண்டும். எண்ணெய் மாற்றும்பொழுதெல்லாம் தகட்டைக் கழற்றிக் கழுவுதல் நலம். தகடு சிறு கசிவைக் கண்ணுக்கு மறைத்துவிடும் என்பதும் நினைவில் இருக்கவேண்டும்.

தகடு போட்டுவிட்டோம் என்ற துணிவில் அதிகப் பாரம் ஏற்றுவதும், கல்லின்மேல் விரைந்து ஓட்டுவதும் பேதைமையாகும். தகடு வண்டியை உயர்த்துவதில்லை. உண்மையில் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியைச் சிறிது குறைக்கவே செய்கிறது. பலத்த அடிபட்ட ஓசை கேட்டால் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்ப்பதே முறை. எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தக் கணமே இஞ்சினை அணைக்கவேண்டும். எப்படியாவது சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற அவசரத்தினாலேயே அநேக இஞ்சின்கள் பாழாகின்றன. மேலும், துருத்திய பாறையை உடைத்தும், அடிக்கட்டையைப் பெயர்த்தும், பள்ளத்தைச் சரளையிட்டு நிரப்பியும் பாதையைச் செப்பனிடுதல் அப்பாதையில் செல்லும் எல்லா வண்டிகளுக்கும் போட்ட தகட்டுக்குச் சமமாகும்.

தார்ப்பாதையில் மாத்திரம் ஓடும் வண்டிக்கு இச்செலவு தேவையில்லை. தோட்டத்திற்குள்ளும் மலைப்பாதையிலும் செல்லும் வண்டிக்கோ இது தள்ளிப்போடத்தக்க செலவன்று. வண்டி செய்த கம்பெனியே அதற்குரிய தகட்டை விற்குமாயின் அதனை வாங்குவதே உத்தமம். இல்லையெனில், தகடு பூட்டுவதால் உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்பதை விற்பனையாளரிடம் எழுத்து மூலமாகவும், சட்டத்திற்கு உடன்பட்டதா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் கேட்டறிந்துகொள்ளவேண்டும். ஒரே ஊரில் ஒரே வகை வண்டி வைத்திருப்போர் ஒன்றுசேர்ந்து, அளவெடுத்த ஓர் அச்சைக் கொண்டு லேத் பட்டறையில் பல தகடுகளைச் செய்வித்தால் செலவு மிகவும் குறையும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதனை முன்னின்று செய்யலாம்.

லாடம் தேய்ந்தால் மாற்றுவதற்கு நம் முன்னோர் காளை நொண்டும் வரை காத்திருக்கவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் குடியானவர்கள் ஒருமுறை வண்டியின் அடியைக் குனிந்து பார்ப்பார்களாயின், அங்கே காணும் சிறாய்ப்புகளும் நசுங்கல்களுமே செய்யவேண்டியதை அவர்களுக்கு உணர்த்திவிடும்.