சக்கரம் பூட்டிய கட்டடமும் மின்மினிகளின் பருவமும்

தமிழருக்குக் ‘கேரவன்’ என்ற சொல் படப்பிடிப்புத் தளத்திலிருந்து வந்தது. நடிகர்கள் ஒப்பனைக்கும் ஓய்வுக்கும் ஒதுங்கும் குளிரூட்டிய வண்டி என்பதே அதன் முதற்பொருள். அண்மை ஆண்டுகளில் அச்சொல் மற்றொரு பொருளையும் ஏற்றுள்ளது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை அனைத்தையும் தன்னுள்ளே கொண்டு, காட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ இரவு தங்குவதற்கென வாடகைக்கு எடுத்துச் செல்லப்படும் ஊர்தியும் இன்று கேரவன்தான். 2021ஆம் ஆண்டு மகாராஷ்டிர அரசு இதற்கெனத் தனிச் சுற்றுலாக் கொள்கை வகுத்தது. அதே ஆண்டு கேரளமும் வகுத்து, அடுத்த ஆண்டே வாகமண்ணில் தன் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் விடுமுறைப் பேச்சில், திருப்பதிக்கும் ஷீரடிக்கும் அடுத்தபடியாகப் பண்டார்தராவும் பாவனா ஏரியும் இடம்பெறத் தொடங்கிவிட்டன. விலங்கையும் பறவையையும் அவற்றின் இடத்திலேயே சென்று காணும் விருப்பம் நல்லதே. அவ்விருப்பம் எந்த வண்டியில் ஏறிச் செல்கிறது என்பதுதான் இங்கே ஆராயத்தக்கது.

கேரவன் சுற்றுலாவுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று தனித்துக் கவனிக்க வேண்டியது. நிரந்தரக் கட்டுமானத்துக்குத் தடையுள்ள இடங்களிலும் பயணிகள் தங்க இது வழிசெய்யும் என்பதே அக்காரணம். மேலோட்டமாகப் பார்த்தால் இது சுற்றுச்சூழலுக்கு இசைவான ஏற்பாடாகத் தோன்றும். அடித்தளம் தோண்டுவதில்லை, சுவர் எழுப்புவதில்லை, காலையில் வண்டி கிளம்பினால் நிலம் பழையபடியே இருக்கும். ஆயின் ஓரிடத்தில் கட்டுமானத்துக்குத் தடை ஏன் விதிக்கப்பட்டது என்ற வினாவை இவ்வாதம் கேட்பதே இல்லை. செங்கல் மீதுள்ள வெறுப்பினால் யாரும் தடை விதிக்கவில்லை. இரவில் மனிதர் அங்கே கூட்டமாகத் தங்குவது அங்குள்ள உயிர்களுக்கு ஆகாது என்பதனாலேயே விதித்தனர். சக்கரம் பூட்டிய அறை அத்தடையைச் சட்டப்படி மீறுவதில்லை. அதன் நோக்கத்தை மட்டும் மீறுகிறது.

விலங்குக்கு அடித்தளம் தெரியாது. அதற்குத் தெரிவன ஒளி, ஓசை, உணவின் வாடை ஆகிய மூன்றுமே. இம்மூன்றிலும் பத்துக் கேரவன்கள் நிற்கும் திடலுக்கும் பத்து அறைகள் கொண்ட விடுதிக்கும் வேறுபாடு இல்லை. விடுதியாவது ஓரிடத்தில் நிற்கும். அதன் உரிமையாளரைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்கவும் முடியும்.

பண்டார்தராவின் மின்மினிகள் இதற்குத் தக்க சான்று. மும்பையிலிருந்து கசாரா மலைப்பாதை ஏறி, இகத்புரி, கோட்டி வழியாகச் சென்றால், பிரவரா ஆற்றின் மேல் 1926இல் கட்டி முடிக்கப்பட்ட வில்சன் அணை வரும். மகாராஷ்டிரத்தின் உயர்ந்த சிகரமான 1,646 மீட்டர் களசூபாய் அங்கிருந்து அருகே. சுற்றியுள்ள காடு 1986 முதல் களசூபாய்–ஹரிச்சந்திரகட் சரணாலயம். மே இறுதியிலிருந்து பருவமழை வலுக்கும் வரையான சில வாரங்களில், இங்குள்ள கடுக்காய், தான்றி, நாவல் மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் அடைந்து, ஒரு மரம் முழுவதும் ஒருசேர ஒளிர்ந்து ஒருசேர அணையும். கண்டவர் எவரும் எளிதில் மறவாத காட்சி. வார இறுதிகளில் மும்பை, புணே, நாசிக் நகரங்களிலிருந்து வரும் வண்டிகள் மலைப்பாதையை அடைத்து நிற்பதும் அதனால்தான்.

அவ்வொளி ஓர் அழைப்பு. இணையைத் தேடும் பூச்சி தன் இனத்துக்குரிய கால இடைவெளியில் விட்டுவிட்டு ஒளிர்கிறது. பல இனங்களில் ஆண் பறந்து ஒளிர, பெண் தாழ்ந்த செடியிலோ புல்லிலோ அமர்ந்தபடி மறுமொழியாக ஒளிர்கிறது. முதிர்ந்த பூச்சியின் ஆயுள் சில வாரங்களே. முகப்பு விளக்கும், கேரவன் கூரையிலிருந்து தொங்கும் அலங்கார விளக்குச் சரமும், கைப்பேசி டார்ச்சும் பாய்ச்சும் வெளிச்சத்தில் அந்த மறுமொழி மறைந்துபோகிறது. ஓர் இரவு வீணானால் மனிதருக்கு அடுத்த வார இறுதி உண்டு. சில வாரங்களே வாழும் பூச்சியின் கணக்கு வேறு.

இதைக்காட்டிலும் குறைவாகப் பேசப்படும் செய்தி ஒன்று உண்டு. மின்மினி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒளிரும் பூச்சியாகக் கழிப்பதில்லை. ஈரமண்ணில் இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் புழு, மாதக்கணக்கில் மண்ணிலும் சருகிலும் ஊர்ந்து, நத்தைகளையும் மண்புழுக்களையும் தின்று வளர்கிறது. பயணி ‘பருவம்’ என்று அழைப்பது அவ்வாழ்வின் கடைசி ஏட்டை மட்டுமே. பருவம் முடிந்தபின் வெறுந்திடலாகத் தோன்றும் அந்நிலத்தில்தான் அடுத்த ஆண்டின் மின்மினிகள் வளர்கின்றன. மழைக்காலத்தில் அருவி காணவும், குளிர்காலத்தில் விண்மீன் காணவும் பல டன் எடையுள்ள வண்டிகளை அதே புல்வெளியில் ஏற்றி நிறுத்துவோர், சூன் மாதத்தில் மின்மினி குறைந்துவிட்டதே என வருந்துகின்றனர். எல்லாப் பருவங்களுக்கும் ஏற்ற முகாம் என்ற விளம்பர வாசகம் பூச்சியின் பக்கத்திலிருந்து பார்க்கையில் ஓர் அச்சுறுத்தலாகவே ஒலிக்கிறது.

இனி உணவின் வாடை. பண்டார்தரா அமைந்துள்ள அகோலே வட்டத்தில், விளைநிலங்களுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் இடையே வித்யா அத்ரேயாவும் அவருடன் பணியாற்றியோரும் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. காட்டுக்கு வெளியே, மக்கள் நெருங்கி வாழும் நிலப்பரப்பில், நூறு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து வளர்ந்த சிறுத்தைகள் இருப்பதை அவர்கள் தானியங்கிக் கேமராக்களால் உறுதிசெய்தனர். அதே பகுதியில் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவை உண்ட இரையின் எடையில் ஏறத்தாழ 39 விழுக்காடு நாய் எனத் தெரியவந்தது. முகாம்களில் எஞ்சும் கோழி எலும்பும் சோறும் நாயை ஈர்க்கும். நாய் பெருகும் இடத்துக்குச் சிறுத்தை வரும். ‘முகாமில் சிறுத்தை’ என்று சமூக ஊடகங்களில் பெருமையோடு பகிரப்படும் காணொளிகளுக்குப் பின்னே இத்தகைய எலும்புக்குவியல் ஒன்று இருக்க வாய்ப்புண்டு. பின்னர் அசம்பாவிதம் நேர்ந்தால் கூண்டு வைப்பது சிறுத்தைக்கு. ஞாயிறு மாலையே ஊர்திரும்பிய முகாமினர் அக்கதையில் இடம்பெறுவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமன்று. மசினகுடி வட்டாரத்தில் ரிவால்டோ எனப் பெயர் சூட்டப்பட்ட காட்டு யானைக்கு விடுதியாரும் ஊராரும் பழம் கொடுத்துப் பழக்கினர். மனிதரை அண்டியே வாழப் பழகிய அதனை 2021 மே மாதத்தில் கராலில் அடைத்து, ஆகத்தில் மீண்டும் காட்டில் விட நேர்ந்தது. அதே ஆண்டு சனவரியில், அதே வட்டாரத்தில், விடுதியருகே வந்த வேறொரு யானையின் மீது எரியும் டயர் வீசப்பட்டு அது மாண்டதைத் தமிழகமே காணொளியில் கண்டது. விருந்தோம்பலும் வன்முறையும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டும். ஊர்தி முகாமின் தாயகமான அமெரிக்காவும் இதைப் பட்டே அறிந்தது. எல்லோஸ்டோன் பூங்காவில் குப்பைமேட்டில் கரடிகள் உண்பதை இருக்கைகளில் அமர்ந்து மக்கள் கண்டுகளித்த காலம் ஒன்றிருந்தது. 1970ஐ ஒட்டி அம்மேடுகள் மூடப்பட்டபோது, பசித்த கரடிகள் முகாம்களுக்குள் புகுந்தன, பல கொல்லப்பட்டன. அதன்பின்னரே உணவை அடைத்து வைக்கும் விதிகள் அங்கே கண்டிப்பாயின. அங்கிருந்து வண்டியை மட்டும் இறக்குமதி செய்து விதிகளை விட்டுவிட்டு வருவது விந்தையே.

கேரவனுக்கு ஆதரவான வாதங்களில் வலுவான ஒன்று கழிப்பறை. பெண்களும் முதியோரும் மலைப்பயணத்தைத் தவிர்ப்பதற்குப் பெருங்காரணம் வழியில் தூய கழிப்பறை இல்லாமையே. அதைத் தீர்க்கும் வண்டியை இகழ்தல் முறையன்று. மற்றொன்று, சிற்றூர்களுக்கு வருவாய் கிடைக்கும் என்பது. இவ்வாதம் அவ்வளவு உறுதியானதன்று. புருஷ்வாடி போன்ற ஊர்களில் மின்மினி காண வருவோர் பழங்குடி வீடுகளில் தங்கி, அவர்கள் சமைத்த பக்ரியை உண்டு, அவ்வூர் இளைஞர் வழிகாட்ட நடக்கின்றனர். பணம் ஊருக்குள் தங்குகிறது. அரிசியையும் எரிவாயுவையும் குடிநீரையும் நகரத்திலிருந்தே ஏற்றிவரும் கேரவன் அவ்வூருக்குத் தருவது நிறுத்தக் கட்டணமும் கழிவுநீர்த் தொட்டியின் உள்ளடக்கமும். அத்தொட்டியை எங்கே காலி செய்வது என்பதற்குத் தக்க ஏற்பாடில்லாத இடத்தில் அது ஓடையில்தான் முடியும்.

தாராவியை அறிந்தவருக்கு இதில் வேறொரு முரணும் புலப்படும். ஓர் உயர்வகைக் கேரவனின் உட்பரப்பும் தாராவியில் ஐந்தாறு பேர் வாழும் ஓர் அறையின் பரப்பும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டிலும் படுக்கை மடிகிறது. அடுப்பின் மேல் துணி தொங்குகிறது. தாராவி அறையில் வாழ்பவர், மறுகுடியமர்த்தலில் இலவச வீட்டுக்கு உரிமை பெற, 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்ததற்குத் தாள் தாளாகச் சான்று அடுக்க வேண்டும். காட்டோரம் நிற்கும் அறைக்கோ சலுகையும் ஊக்கத்தொகையும் காத்திருக்கின்றன. இங்கே சிற்றறை என்பது யாருக்குச் சுற்றுலா, யாருக்கு ஆக்கிரமிப்பு என்பதை முடிவுசெய்வது அறையின் அளவன்று.

மும்பைக்கு அருகிலேயே மாற்று வழியும் உண்டு. மாதேரானுக்குள் பொதுமக்களின் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. 2003 முதல் அது சூழல் கூருணர்வுப் பகுதி. எவ்வளவு விலையுயர்ந்த வண்டியும் தஸ்தூரியில் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் நடை, குதிரை, அல்லது 1907இல் தொடங்கிய சிறுரயில். ஆம்புலன்சும் அண்மையில் நீதிமன்றம் இசைந்த மின்ரிக்‌ஷாவும் விதிவிலக்கு. மாதேரான் குறையற்ற ஊரன்று. பயணிகள் தின்பண்டம் கொடுத்துக் கெடுத்த குரங்குகள் அங்கே ஏராளம். எனினும் வண்டி வாசலில் நிற்பதால் அங்கே இரவு இன்னும் இரவாக இருக்கிறது.

இன்னும் அருகே பார்த்தால், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வாசிகளுக்கு இரவு தங்க வேண்டிய தேவையே இல்லை. கிங்ஸ் சர்க்கிளிலோ செம்பூரிலோ ஹார்பர் வழி ரயிலேறி, வடாலா ரோட்டைக் கடந்தால் அடுத்தது சிவ்ரி. குளிர்காலம் தொடங்கி மே வரை, கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்துக்கேற்ப, அங்குள்ள சேற்றுப்பரப்பில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நின்று மேயும். 2024 சனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது அவற்றின் தலைக்கு மேலேயே தொடங்குகிறது. சற்று வடக்கே, 2015இல் அறிவிக்கப்பட்ட தாணே கழிமுகப் பூநாரைச் சரணாலயம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தாராவியின் விளிம்பில், மித்தி ஆற்றங்கரையில், குப்பைமேடாயிருந்த 37 ஏக்கரில் வளர்க்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா 1994 முதல் திறந்திருக்கிறது. மழை ஓய்ந்த வாரங்களில் அங்கே வண்ணத்துப்பூச்சிகளின் காலம். வடக்கே போரிவலியில் 104 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. அதன் சரிவுகளில் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கார்வி பூக்கிறது. கேரவன் வாடகையில் ஒரு பங்குக்கு நல்ல இருகண்நோக்கி ஒன்றை வாங்கிவிடலாம்.

ஆயினும் மின்மினிக்குப் பண்டார்தரா சென்றே ஆகவேண்டும். நகருக்குள் அவ்வளவு இருள் இல்லை. எனவே விதி தேவைப்படுவது அங்கேதான். சரணாலயத்தின் உள்ளும் அதன் விளிம்பிலும் கேரவனைக் கட்டடமாகவே கருத வேண்டும். எத்தனை வண்டிகள், எந்தத் திடலில், எந்த மாதங்களில் என்பதை வனத்துறை முன்கூட்டி அறிவிக்க வேண்டும். மின்மினி வாரங்களில் வண்டிகள் ஷேண்டி ஊரிலேயே நின்றுவிட, அங்கிருந்து உள்ளூர் வழிகாட்டியுடன், சிவப்புத் தாள் சுற்றிய ஒரே டார்ச்சோடு நடந்து செல்லலாம். புல்லும் சருகும் உள்ள நிலத்தில் எப்பருவத்திலும் சக்கரம் ஏறக்கூடாது. பாறையோ பழைய சாலையோரமோ போதும். எஞ்சிய உணவை நகரத்துக்கே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். கழிவுத்தொட்டியைக் காலி செய்ததற்கான சீட்டில்லாத வண்டிக்கு முன்பணம் திரும்பக் கூடாது. இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. சரணாலயத்துக்குள் நுழைவை முறைப்படுத்தும் அதிகாரம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே உண்டு. அடுத்த மே மாதத்துக்கான முன்பதிவுகள் தொடங்குமுன் அறிவிப்பு வெளிவந்தால் போதும்.